மஞ்சள்னு போட்டா ஒண்ணையும் காணோமுங்க

ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்கு ஸ்டாக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்தேன், சி ஷார்ப் என்ற புரோகிராம் மொழியில். மூன்றாம் நாள் காலையிலேயே மண்டிக்காரர் போன் செய்துவிட்டார். "ஏனுங்க தம்பி, விரலின்னு போட்டா விரலி வருது, கிழங்குன்னு போட்டா கிழங்கு வருது, மஞ்சள்னு போட்டா ஒண்ணையும் காணோமுங்க. குடோன் நெறைய மூட்டை கெடக்குது!"

தப்பு என்னுடையதுதான்.

'சரக்கு' என்று ஒரு தாய் கிளாஸ் (கிளாஸ் என்றால் ஒரு வகைப் பொருளுக்கான அச்சு), அதற்குக் கீழே மஞ்சளும் கொப்பரையும், மஞ்சளுக்குக் கீழே விரலியும் கிழங்கும். எல்லா மூட்டையும் ஒரே லிஸ்ட்டில். டிராப்டவுனில் அவர் எதைத் தொடுகிறாரோ அந்த வகையை மட்டும் பிரித்துக் காட்ட வேண்டும். இதற்கென்றே, லிஸ்ட்டை அலசித் தரும் லிங்க்கில் (LINQ), ஒரு வகையை மட்டும் பொறுக்கும் ஆஃப்டைப் (OfType) இருக்கிறது, 2007-இல் சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட் 3.5 வந்ததிலிருந்தே. ஆனால் அதன் கோண அடைப்புக்குள் டைப்பின், அதாவது கிளாஸின், பெயரை நான் கோடு எழுதும்போதே எழுதியாக வேண்டும். அவர் எதைத் தொடப்போகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? கையில் இருப்பது அவர் தொட்டதை வைத்திருக்கும் ஒரு வேரியபிள், அதை உள்ளே போட்டால் "இது வேரியபிள், டைப் மாதிரி பயன்படுத்துகிறாய்" என்று சிஎஸ்0118 என்ற பிழை எண்ணைக் காட்டி, கோடை மெஷினுக்கு மாற்றித் தரும் கம்பைலர் திருப்பி அனுப்பிவிடும்.

அப்புறம் குறுக்கு வழிதான். வேர் மெத்தடைப் போட்டு (மரத்து வேர் இல்லை, வடிகட்டுகிற வேர்), ஒவ்வொரு மூட்டையின் டைப்பைச் சொல்லும் கெட்டைப்பும் (GetType) அவர் தொட்ட டைப்பும் சமமா என்று பார்த்தேன். விரலியை வைத்துச் சோதித்தேன், ஓடியது, கொடுத்துவிட்டேன். கெட்டைப்போ ஒரு பொருள் எந்த கிளாஸில் பிறந்ததோ அதை மட்டும்தான் சொல்லும், தாய் பெயரைச் சொல்லாது. வெறும் மஞ்சளாக ஒரு மூட்டைகூட இல்லாததால் லிஸ்ட் காலி. மண்டியில் மஞ்சள் என்றால் விரலியும் கிழங்கும் சேர்த்துத்தான் என்பது எனக்குத் தெரியாததா என்ன!

சமக்குறியை எடுத்துவிட்டு, 'இது அந்த டைப்பைச் சேர்ந்ததா' என்று கேட்கும் ஈஸ்இன்ஸ்டன்ஸ்ஆஃப்டைப் (IsInstanceOfType) போட்டேன், ஒரு வரிதான். வாரிசு கிளாஸ்களையும் சேர்த்துக்கொள்ளும். லிஸ்ட்டில் நல் (null, பொருளே இல்லாத காலி இடம்) கிடந்தால் 'இல்லை' என்று தாண்டிப் போகும், கெட்டைப் மாதிரி அங்கேயே விழுந்து புரளாது. ஒரு டைப்புக்குள் இன்னொன்று அடங்குமா என்று பார்க்கும் ஈஸ்அசைனபிள்ஃப்ரம் (IsAssignableFrom) வைத்தும் செய்யலாம், ஆனால் அதில் எது முன்னால் எது உள்ளே என்று நான் இன்னும் குழம்புவேன்: மஞ்சள் முன்னால், விரலி அடைப்புக்குள் என்றால்தான் சரி, மாற்றிப் போட்டால் பொய் என்று வரும்.

சிலர், புரோகிராம் ஓடும்போதே டைப்பைக் கையாளும் ரிஃப்ளெக்ஷனில் மேக்ஜெனெரிக்மெத்தட் (MakeGenericMethod) போட்டு ஆஃப்டைப்பையே ஓட்டச் சொல்வார்கள். மெமரியில் இருக்கிற லிஸ்ட்டுக்கு அது, ஈரோட்டிலிருந்து பவானிக்குச் சேலம் சுற்றிப் போகிற கதை. டேட்டாபேஸோடு பேசித் தரும் என்டிட்டி ஃப்ரேம்வொர்க் வழியாக டேட்டாபேஸிலேயே வடிகட்ட வேண்டும் என்றால் மட்டும் அந்தச் சுற்றுக்கு அர்த்தம் உண்டு, ஏனென்றால் ஆஃப்டைப்பை அது டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லாக மாற்றிக்கொள்ளும், ஈஸ்இன்ஸ்டன்ஸ்ஆஃப்டைப்பை மாற்றாது.

மதியம் புது வெர்ஷனைப் போட்டுவிட்டு போன் செய்தேன். "எல்லாம் வந்துருச்சுங்க தம்பி," என்றவர், வைக்கும் முன் கேட்டார்: "ஆமா, அந்தக் கொப்பரைய எதுக்குங்க போட்டீங்க? நம்மகிட்ட ஏதுங்க கொப்பரை?"