அசைவூட்ட நூல்களை நான் எடைபோடும் விதம்

சிங்கப்பூரின் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள மத்திய பொது நூலகத்தில் இணைய வடிவமைப்பு நூல் ஒன்றைக் கையில் எடுத்தால், நான் முதலில் பார்ப்பது பதிப்பு ஆண்டைத்தான். இணையப் பக்கங்களில் அசைவூட்டம் காட்டப் பயன்பட்ட ஃபிளாஷ் பிளேயர் மென்பொருளுக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்திவிட்டதால், அதை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் இன்று உதவா. ஆயினும் அந்நூல்களில் அசைவின் வேகத்தையும் தாளத்தையும் பற்றிய பகுதிகளை இன்றும் விரும்பிப் படிக்கிறேன்.

அடுத்து, ஒரு பெட்டியை இடமிருந்து வலமாக நகர்த்தும் பாடத்தைத் தேடுவேன். இடப்பக்கத்திலிருந்து பெட்டி இருக்கும் தூரத்தைக் குறிக்கும் ‘லெஃப்ட்’ மதிப்பைக் கூட்டிக்கொண்டே போனால் உலாவி ஒவ்வொரு முறையும் பக்க அமைப்பைக் கணக்கிட நேரும் என்பதையும், பக்க அமைப்பைத் தொடாமல் பெட்டியை நகர்த்திக் காட்டும் ‘டிரான்ஸ்ஃபார்ம்’ அந்தச் சுமையைத் தவிர்க்கிறது என்பதையும், நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு சட்டத்துக்கு, அதாவது ஒரு ஃபிரேமுக்கு, கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடிதான் என்பதையும் சொல்லாமல், நிரலை மட்டும் தட்டச்சு செய்யச் சொல்லும் நூலை அலமாரியிலேயே வைத்துவிடுவேன். காரணம் தெரியாமல் கற்ற நிரல், சற்றுப் பழைய கைப்பேசியிலேயே திக்கித் திணறும்.

அசைவைக் குறைக்கும்படி பயனர் தம் கருவியில் தேர்ந்தெடுத்திருக்கும் அமைப்பை மதிக்கக் கற்றுத்தரும் நூல்களுக்கு என் மனத்தில் தனி இடம் உண்டு. அம்மாவுக்குத் தலைசுற்றல் இருக்கிறது. படங்கள் பறந்து வரும் பக்கத்தைத் திறந்தால், கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.