தவக்காலம், ரங்கூன்

மார்ச் 5, புதன்

காலைப் பூசையில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தேன். பஸ்சில் ஒரு பர்மாக்காரப் பெண் என் நெற்றியில் அழுக்கு என்று நினைத்து டிஷ்யூ நீட்டினாள். வாங்கிக்கொண்டேன், துடைக்கவில்லை. தவக்காலத்துக்கு எதை விடப்போகிறீர்கள் என்று சாமியார் பிரசங்கத்தில் கேட்டார். கரண்டை ஏற்கெனவே விட்டாயிற்று, அப்புறம் என்ன இருக்கிறது. தம்பி (மகனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) வரவில்லை. வெளியே தலை காட்டாதே என்று நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

மார்ச் 8, சனி

படைக்கு ஆள் எடுக்கிற பட்டியலை இன்னும் ஒட்டவில்லை.

மார்ச் 14, வெள்ளி

மீன்காரம்மா காலையில் உல்லம் எடுத்து வைத்திருந்தார். தவக்கால வெள்ளிகளில் நமக்குக் கறி கிடையாது என்று அவருக்குத் தெரியும், புத்த மதம் என்றாலும் நம் நாள் கணக்கு நம்மைவிட அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் பையன்தான் செதில் எடுத்துக் கொடுத்தான். தம்பி வயதுதான்.

சாயங்காலம் சிலுவைப் பாதை. ஃபேன் இல்லை, பதினாலு ஸ்தலத்துக்கும் முட்டி போட்டு எழுந்தோம். அத்தைக்கு முட்டி வலி, ஆனாலும் உட்காரமாட்டேன் என்கிறார். ஐந்தாம் ஸ்தலத்தில் எனக்கு ஜெபம் ஓடவில்லை. சிரேன் ஊர் சீமோன். வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தவன், எந்த வழக்கிலும் இல்லாதவன், படையாள் வா என்று பிடித்தால் முடிந்தது கதை, இயேசுவின் சிலுவையைச் சுமக்கத்தான் வேண்டும். எங்கள் கோவில் படத்தில் அவன் முகத்தைப் பக்தியாக வரைந்திருக்கிறார்கள். பயந்து வெளிறிப் போயிருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மாற்கு அவன் பிள்ளைகள் பெயரைக்கூடச் சொல்கிறார், அலெக்சாந்தர், ரூபு. அப்பா ஏன் இன்னும் வரவில்லை என்று அவர்கள் வாசலில் நின்றிருப்பார்கள்.

எங்கள் அப்பா காலத்தில் டீக்கடை வாசலிலும் சினிமாக் கொட்டகை வாசலிலும் ஆள் பிடித்துப் படைக்குப் போர்ட்டராகக் கொண்டுபோவார்கள். மூட்டை சுமந்து மலையேறினவர்களில் திரும்பி வராதவர்கள் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் அத்தை ஆரம்பித்தார். அவரவர் சிலுவையை அவரவர்தான் சுமக்கணும் என்று. அவருக்கு எல்லாமே சிலுவைதான், சர்க்கரை வியாதி, மாமா வைத்துவிட்டுப் போன கடன், கரண்ட் கட், இப்போது தம்பி விஷயம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தலையில் கட்டினதெல்லாம் சிலுவையா அத்தை? தூக்கிக்கொண்டு என் பின்னால் வா என்றுதானே இயேசு சொன்னார், லூக்காவில் நாள்தோறும் தூக்கு என்றே இருக்கிறது, யாரையும் பிடித்து அவன் தோளில் அவர் ஏற்றி வைத்தாரா? ஏற்றினது படை. படை ஏற்றினதைச் சாமி ஏற்றினது என்று நாமே சொல்லிக்கொண்டிருந்தால் படைக்குத்தானே வசதி?

அத்தை எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். மெதுவாப் பேசு என்றார்.

மார்ச் 28, வெள்ளி

மதியம் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீர் டிரம் தானாக ஆடியது. எனக்குத்தான் தலைசுற்றுகிறது என்று நினைத்தேன். கீழே இறங்கி ஓடினோம். இங்கே ஒன்றும் ஆகவில்லை. மாந்தலேயில் நாத்தனார் போன் எடுக்கவில்லை.

மார்ச் 29, சனி

இன்னும் லைன் கிடைக்கவில்லை. நிலநடுக்கம் 7.7 என்கிறார்கள்.

மார்ச் 30, ஞாயிறு

பேசினாள். ரோட்டில் படுத்திருக்கிறார்கள், வீட்டில் ஒரு பக்கச் சுவர் இல்லை, ஆள் எல்லோரும் இருக்கிறார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அவர்கள் பக்கத்துப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம், அதுவும் ரமலான், கூரை அப்படியே இறங்கிவிட்டதாம். அவள் வீட்டுக்கார அண்ணன் அங்கேதான் செங்கல் அள்ளிக்கொண்டிருக்கிறாராம், கையுறை இல்லை, நகமெல்லாம் போய்விட்டது என்று அழுகிறாள். யார் கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். யாரும் கூப்பிடவில்லை, நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன், போய்விட்டார் என்றாள்.

அத்தையிடம் நான் சொல்ல வந்தது இதுதான். ஆனால் இப்போது சொல்லவில்லை, மகள் குரலைக் கேட்டதிலிருந்து அவர் ஜெபமாலையைக் கையிலிருந்து இறக்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

ஷ்வே போன்தா தெருவில் செயினை எடை போட்டுப் பார்த்தேன். விலை மட்டும் கேட்டேன், விற்கவில்லை. சிலுவையைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், சாமி சம்பந்தப்பட்டது என்றார் கடைக்காரர். அதுதான் ஐயா எடை ஜாஸ்தி என்றேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

இரவு தம்பியிடம் இதைச் சொன்னால் அவன் ஒரு கதை சொல்கிறான். கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸின் அடிமைக் கலகத்தை அடக்கினபிறகு ரோமப் படை, பிடிபட்ட 6000 பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரமாகச் சிலுவையில் அறைந்து வைத்ததாம். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்துப் பயப்படட்டும் என்று. அதைத்தான் அம்மா கழுத்தில் போட்டிருக்கிறீங்க என்றான். கிண்டல் இல்லை, யோசித்துத்தான் சொன்னான். வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்தால் பிள்ளைக்குப் படிப்பதைத் தவிர வேலை ஏது.

ஏப்ரல் 9, புதன்

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். தம்பி பெயர், மீன்காரம்மா பையன் பெயர், இரண்டும் இருக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறும், பர்மாப் புதுவருடத் தண்ணீர்த் திருவிழா திஞ்ஜானின் முதல் நாளும் ஒன்றாக வந்திருக்கிறது. நிலநடுக்கத்தால் இந்த வருடம் பாட்டும் ஆட்டமும் இல்லை. ஆனாலும் சின்னப்பிள்ளைகள் விடுவார்களா, ஓலை பிடித்துக்கொண்டு வந்த எங்கள் மேல் ஒரு வாண்டு வாளியோடு ஊற்றிவிட்டது. ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த வருடம் லூக்காவின் பாடுகள். மக்கள் கூட்டம் சொல்லவேண்டியதைக் கோவிலில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லவேண்டும். வருடா வருடம் சொல்வதுதான். இயேசுவுக்குப் பதில் பரபா என்ற கைதியைக் கேட்கிறார்கள், பரபாவை விடுதலை செய்யும் என்கிற அந்த இடம் வந்ததும் எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் இவர் சத்தமாகச் சொன்னார்.

இவர் யாரையோ பார்த்துப் பேசிவிட்டு வந்திருக்கிறார். தொகை சொல்லியிருக்கிறார்கள், குலுக்கல் சீட்டு எடுப்பதற்கு முன்னால் கொடுத்தால் பெயர் போய்விடும். ஆனால் இத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு குறையாது. எங்கள் தெருவில் யார் மிச்சம் என்று எனக்குத் தெரியும், மீன்காரம்மாவுக்கும் தெரியும்.

பரபாவின் அம்மாவைப் பற்றி எந்த நற்செய்தியிலும் ஒரு வரி இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கும். வராது என்று நினைத்த பிள்ளை வாசலில் வந்து நிற்கிறான், ஓடிப்போய்க் கட்டிப்பிடித்திருப்பாள், பிடித்ததைச் சமைத்துப் போட்டிருப்பாள், மலையில் யாரை அறைந்தார்கள் என்று கேட்டிருக்கவேமாட்டாள். நான் அவளைத் திட்டமாட்டேன். ஒருவருக்குப் பதில் இன்னொருவர் என்று ஞானோபதேச வகுப்பிலிருந்து மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், நமக்காக, நமக்காக என்று. பதிலுக்குப் போகிறவருக்கும் ஓர் அம்மா சிலுவையடியில் நிற்கிறாள் என்று பாட்டாகவே பாடுகிறோம். ஆனால் அவர் தானாக வந்தார். மீன்காரம்மா பிள்ளையை யார் கேட்டார்கள்?

இதை இவரிடம் சொன்னேன். உன் பிள்ளையை அனுப்பத் தயாரா, அதைச் சொல் முதலில் என்றார். நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் ஓலையில் சிலுவை பின்னிக்கொண்டிருந்தேன். எனக்கு நடுமுடிச்சு எப்போதும் நழுவும், தம்பிதான் வாங்கி, ஓலையை நகத்தால் கீறி, குறுக்கே ஒரு மடிப்பு, மேலே ஒரு மடிப்பு, உள்ளே சொருகி ஒரு இழுப்பு, கல் மாதிரி இறுகிவிட்டது. கதவுக்கு மேலே போன வருடத்துச் சிலுவையை எடுத்துவிட்டு இதை மாட்டினான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

தூக்கம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தெருவே மீ லா பி, கரண்ட் வந்துவிட்டது என்று கத்துகிறது. எழுந்து மோட்டார் போட்டேன், சோறு வடித்தேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பெரிய வெள்ளி என்று ஊரில் தனியாக லீவு கிடையாது, நேற்றுப் புதுவருடம் பிறந்த களைப்பில் கடைகள் பாதி மூடிக்கிடந்தன. கஞ்சி மட்டும்.

மூன்று மணிக்கு யோவானின் பாடுகள். நான் சீமோனுக்காகக் காத்திருந்தேன். அவன் வரவே இல்லை. இத்தனை வருடம் கேட்டும் கவனித்ததில்லை, யோவானில் அப்படி ஒருவனே கிடையாது, இயேசு தாமே சிலுவையைச் சுமந்துகொண்டு மண்டையோட்டு இடத்துக்குப் போகிறார். வழியில் எவனையும் பிடிக்கவில்லை. தோட்டத்தில் பிடிக்க வந்தவர்களிடமும், என்னைத்தானே தேடுகிறீர்கள், இவர்களைப் போகவிடுங்கள் என்கிறார். அதைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்தாற்போல் அங்கிக்குச் சீட்டுப் போடுகிறார்கள். அந்த இடத்தில் தலை குனிந்துகொண்டேன்.

சிலுவை முத்திக்கு வரிசை நீளம். பாதத்தில் வார்னிஷ் தேய்ந்து மரமே தெரிகிறது. நான் என்ன கேட்டேன் என்று இங்கே எழுதமாட்டேன்.

வெளியே வந்ததும் தம்பி கேட்டான், அப்பா கொடுக்கப்போகிறாரா என்று. இன்னும் இல்லை என்றேன். எனக்காகக் கொடுக்கவேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லைம்மா என்றான். நானும் அவனும் பஸ் வரும்வரை நின்றோம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அல்லேலூயா. கேக் வெட்டினோம். அத்தை மீன்காரம்மாவுக்கு ஒரு துண்டு கொடுத்து அனுப்பச் சொன்னார், நீயே போய்க் கொடு என்று இவர் என்னைப் பார்த்துச் சொன்னார். போகவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

போப் பிரான்சிஸ் போய்விட்டார். 2017இல் அவர் ரங்கூன் வந்தபோது கியாய்க்கசான் மைதானத்தில் விடியும் முன்னாலேயே போய் இடம் பிடித்தோம், தம்பிக்கு அப்போது பதினொன்று.

சீட்டு நாளைக்கு. செயின் இன்னும் என் கழுத்தில்தான் இருக்கிறது, இவர் எங்கிருந்தோ புரட்டிவிட்டார், கவரில் போட்டு பனியனுக்குள் வைத்துக்கொண்டு இப்போதுதான் கிளம்பினார். நான் போங்கள் என்றும் சொல்லவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. மீன்காரம்மா வீட்டில் விளக்கு எரிகிறது. அவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா, சொன்னால் அவரால் என்ன செய்யமுடியும், இரண்டு வீட்டுப் பணத்தையும் சேர்த்து இரண்டு பெயரையும் எடுக்கச் சொல்லலாமா, அப்போது மூன்றாவது யார் வீடு