கையெழுத்துப் போடுவதற்கு முன்

மகளுக்குப் பள்ளி திறந்தாயிற்று. இந்த அமெரிக்க ஊர் வழக்கப்படி முதல் நாளே அல்ஜீப்ரா 2 ஹானர்ஸ் (உயர்நிலைப் பள்ளி இயற்கணிதத்தில் கொஞ்சம் கடினமான பிரிவு) வகுப்பிலிருந்து நாலு பக்கத் தாள் வந்தது. பெற்றோர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். பேர்தான் சிலபஸ். கலப்பெண், லாகரிதம் எல்லாம் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டன, மிச்சம் முழுக்க விதிகள்.

வீட்டுப்பாடத்துக்கு வெறும் 10 சதவீதம். ஒரு நாள் தாமதமானால் அதிலும் பாதி போச்சு. பென்சிலில்தான் எழுத வேண்டும். (நம் காலத்தில் பென்சிலில் எழுதினால் அடி விழும்!)

பிடித்தது மறுதேர்வு விதி. 70க்குக் கீழே வாங்கினால் திரும்ப எழுதலாம். ஆனால் அதற்கு முன் தப்பாய்ப் போன ஒவ்வொரு கணக்கையும் திருத்தி, எங்கே சறுக்கினோம் என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும். நல்ல யோசனை. மறுதேர்வில் நூறே வாங்கினாலும் 70தான் பதிவாகும் என்பதுதான் கஞ்சத்தனம்.

அப்புறம் டிஐ-84 என்கிற, வரைபடம் போடும் கால்குலேட்டர். புதுசு நூறு டாலருக்கு மேல். தெரிந்த அக்காவின் பையன் கல்லூரிக்குப் போய்விட்டதால் அவனுடைய பழசு கிடைத்தது. பிளஸ் டூ வரை லாக் புத்தகத்தைப் புரட்டிய எனக்கு அதை ஆன் செய்யவே தெரியவில்லை.

ராத்திரி ஒரு இருபடிச் சமன்பாட்டைக் காட்டினாள். பார்த்ததுமே "1, அப்புறம் மைனஸ் 7" என்றேன், கொஞ்சம் கெத்தாக.

"ஸ்டெப்ஸ் இல்லேன்னா பாதி மார்க்தான்பா. மூணாம் பக்கம் படிக்கலையா?"