டெக்னிக்கல் கவர்லயே தள்ளிட்டாங்க, அப்பீல் போனோம்: எங்க அனுபவம்

கப்பலூர் சிட்கோவுல எங்களுக்கு ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை இருக்கு. ஸ்கூல் பெஞ்ச் டெஸ்க், ரேக், பீரோ இதுதான் வேலை. வெல்டிங் பெயிண்டிங்லாம் வீட்டுக்காரர் பாத்துக்குவாரு, டெண்டர் பேப்பர் பூரா என் பொறுப்பு. ஒரு அரசுத் துறைக்கு பெஞ்ச் டெஸ்க் சப்ளை டெண்டர் போட்டோம், ரெண்டு கவர் முறை, முதல்ல தகுதிப் பேப்பர் இருக்குற டெக்னிக்கல் கவர பிரிப்பாங்க, அதுல தேறுனவங்களுக்கு மட்டுந்தான் ப்ரைஸ் கவர். எங்களுக்கு முதல் கவர்லயே ரிஜெக்ட்னு வந்துச்சு. இதப் பத்தி தமிழ்ல யாராச்சும் எழுதியிருக்காங்களான்னு அப்ப தேடிப் பாத்தேன், ஒண்ணும் அகப்படல, அதான் நடந்தத எழுதி வைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெசேஜ் வந்துச்சு. போர்ட்டல்ல லாகின் பண்ணி பாத்தா காரணம் ஒத்த வரி, ஆடிட்டர் குடுத்த டர்ன்ஓவர் சர்டிபிகேட்ல யூடிஐஎன் இல்லையாம். யூடிஐஎன்னா ஆடிட்டர் குடுக்குற ஒவ்வொரு சர்டிபிகேட்டுக்கும் போடுற 18 எழுத்து நம்பர், 2019ல இருந்து கட்டாயம். எனக்கு கை நடுங்குது, ஏன்னா அந்த நம்பர நானே ஆடிட்டர் ஆபீஸ்ல உக்காந்து சரிபாத்து வாங்குனவ. ஃபைல எடுத்தேன். ரெண்டு பக்க சர்டிபிகேட், முதல் பக்கத்துல மூணு வருஷ டர்ன்ஓவர் டேபிள், ரெண்டாவது பக்கத்துல நாலே நாலு வரி, அதுக்குக் கீழ கையெழுத்து, ஊதா மையில ரவுண்ட் சீல், சீலுக்கு அடியில நம்பர். போர்ட்டல்ல நாங்க ஏத்துன பிடிஎஃப்ப திரும்ப டவுன்லோட் பண்ணி பாத்தேன், ரெண்டு பக்கமும் இருக்கு.

அன்னைக்கு ராத்திரி சாப்பாடே இறங்கல. ரேட்டுல தோத்தா மனசு ஆறிடும், நம்மள விட கம்மியா ஒருத்தர் போட்டாருன்னு விட்டுடலாம். ரேட்டையே பாக்காம, இருக்குற பேப்பர இல்லன்னு சொல்லி வெளிய அனுப்புறத எப்படி விடுறது? வீட்டுக்காரர் வேணாம்னுதான் சொன்னாரு, இன்னைக்கு கேஸு கீஸுன்னு போனா நாளைக்கு நம்மள எந்த ஆபீஸ்ல உள்ள விடுவாங்கன்னு. அவர் பயமும் நியாயந்தான், இந்தத் தொழில்ல இருக்குற எல்லாருக்கும் அது உண்டு. ஆனா நான் கேக்கல.

சனிக்கிழமை காலைல ஹைகோர்ட் மதுரைக் கிளைல ப்ராக்டிஸ் பண்ற வக்கீல் ஒருத்தர பாக்கப் போனோம், திருமங்கலம் பக்கம் எங்க ஊர்க்காரர்தான். நான் நேரா ஹைகோர்ட்ல ரிட் மனு போட்டு ஸ்டே வாங்கலாம்னு நெனச்சுட்டுப் போனேன். அவரு மொத கேட்ட கேள்வியே, "ஆர்டர் என்னைக்கும்மா கைக்கு வந்துச்சு?" நம்ம மாநிலத்துல டெண்டருக்குன்னே 1998ல ஒரு வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கு, அதுல 11ஆவது பிரிவுல அரசுக்கே அப்பீல் போகலாம், ஆர்டர் கிடைச்சு 10 நாளுக்குள்ள போடணும், 15 நாளுக்குள்ள அவங்க முடிவு சொல்லணும். அந்த வழி இருக்கும்போது கோர்ட்டுக்குப் போனா மொத அங்க போனீங்களான்னுதான் கேப்பாங்களாம். சனி ஞாயிறு கழிக்கலாமான்னு கேட்டேன், கழிக்காதீங்க, நேத்துல இருந்தே எண்ணுங்கன்னு சொல்லிட்டாரு.

அவரு இன்னொண்ணும் விளக்குனாரு. டெண்டர் விஷயத்துல கோர்ட் யாருக்கு வேலை குடுக்கணும்னு பாக்காது, முடிவெடுத்த முறை சரியான்னுதான் பாக்கும், 1994 டாடா செல்லுலார் தீர்ப்புல இருந்து அதான் நிலவரம். 1991ல போத்தார் ஸ்டீல்னு ஒரு தீர்ப்பு, டெண்டர் நிபந்தனைல அடிப்படையானது வேற, சும்மா துணைக்கு இருக்குறது வேறன்னு பிரிச்சு சொல்லியிருக்கு. அப்பீல் மனுல ரெண்டையும் சேத்தாரு, ஆனா நம்ம பலம் அந்த ரெண்டாவது பக்கந்தாம்மா, அத முன்னாடி வைப்போம்னு சொன்னாரு. மனு மொத்தமே மூணு பக்கம். யாரு மேலயும் லஞ்சம் கிஞ்சம்னு ஒரு வார்த்தை எழுத விடல, ஆதாரம் இல்லாம எழுதுனா மத்ததும் அடிபடும்னுட்டாரு. கூட வச்சது பிட் சப்மிட் பண்ணப்ப வந்த அக்னாலெட்ஜ்மென்ட், சர்டிபிகேட் ரெண்டு பக்கம், அந்த நம்பர ஆடிட்டர்கள் சங்கத்து சைட்ல போட்டு சரிபாத்த பிரிண்ட். அந்த நம்பர யாரு வேணும்னாலும் அங்க போட்டுப் பாக்கலாம், அஞ்சு நிமிஷ வேலை.

ஆறாவது நாள் பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல ஏறி, ஏழாவது நாள் காலைல கோட்டைக்குப் போய் தபால் செக்‌ஷன்ல நேர்ல குடுத்து, காப்பில தேதியோட சீல் வாங்குனேன். ரிஜிஸ்டர் தபால்லயும் ஒண்ணு அனுப்புனோம். டெண்டர் விட்ட ஆபீசுக்கும் அன்னைக்கே ஒரு காப்பி, அப்பீல் நிலுவைல இருக்கு, முடியுற வரைக்கும் ஒர்க் ஆர்டர் குடுக்காதீங்கன்னு ஒரு லெட்டரோட. இந்த லெட்டர் ரொம்ப முக்கியம்னு இப்பவும் நெனைக்கிறேன். ஒர்க் ஆர்டர் ஒருத்தருக்குப் போய் அவரு மெட்டீரியல் இறக்கிட்டா அப்புறம் நாம ஜெயிச்சும் என்ன பிரயோஜனம்.

பதினஞ்சு நாளாச்சு, ஒரு தகவலும் இல்ல. தெனம் போன் போட்டேன். பதினெட்டாவது நாள் விசாரணைக்கு கூப்பிட்டாங்க.

பெரிய கோர்ட் மாதிரி இருக்கும்னு நெனச்சேன், ஒரு அதிகாரி ரூம்ல நீள மேசை, அவ்வளவுதான். எதிர்ல டெண்டர் ஆபீஸ்ல இருந்து வந்தவங்க கோப்ப தொறந்து, சார் எங்க கோப்புல ஒரு பக்கந்தான் இருக்குன்னு காட்டுனாங்க. உண்மையாவே ஒரு பக்கந்தான் இருந்துச்சு. எனக்கு ஒரு நிமிஷம் தலை சுத்திருச்சு. வக்கீல் நிதானமா, கோப்பு வேணாம் சார், போர்ட்டல்ல அவங்க பிட்ட தொறந்து பாருங்கன்னாரு. கம்ப்யூட்டர்ல தொறந்தாங்க. ரெண்டாவது பக்கம், ஊதா சீல், நம்பர். பிரிண்ட் எடுத்தப்பவே ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கு, கமிட்டி அந்த பிரிண்ட வச்சே முடிவெடுத்துட்டாங்க. யாரும் வேணும்னு பண்ணலன்னு எனக்கு அங்கதான் புரிஞ்சுச்சு, ஒரு மாசமா நான் மனசுக்குள்ள யார் யாரையோ திட்டிட்டு இருந்தேன்.

நாலு நாள் கழிச்சு ஆர்டர் வந்துச்சு, எங்கள தள்ளுனது செல்லாது, மறுபடி பரிசீலிக்கணும்னு. எங்க ப்ரைஸ் கவரையும் பிரிச்சாங்க. செட்டுக்கு 84 ரூபா வித்தியாசத்துல நாங்க எல்-2, அதாவது கம்மி ரேட்டுல ரெண்டாவது. வேலை எங்கள விட கம்மியா போட்டவருக்குத்தான் போச்சு. பைப் வாங்குற ரேட்டுக்கு நாம இதுக்குக் கீழ போயிருக்க முடியாதுன்னு வீட்டுக்காரர் கணக்குப் போட்டு பாத்துட்டு சொன்னாரு, அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் நல்லா தூங்குனோம். வக்கீல் பீஸ், ரெண்டு தடவ சென்னை போய் வந்தது எல்லாம் கைக்காசுதான். டெண்டருக்கு கட்டுன முன்வைப்புத் தொகை, இஎம்டி, திரும்பி வந்துருச்சு. அதே ஆபீஸ் அடுத்து விட்ட டெண்டர்லயும் கலந்துக்கிட்டோம், யாரும் முகத்த சுளிக்கல.

இப்ப எங்க ஆடிட்டர் சார்கிட்ட சொல்லி சர்டிபிகேட்ட ஒரே பக்கத்துல அடக்கச் சொல்லிட்டேன், டேபிள் எழுத்து கொஞ்சம் பொடிசா இருக்கும், ஆனா சீலும் நம்பரும் அதே பக்கத்துல வந்துரும்.