அத்தான் குதிக்காம நின்ன கத

எங்க அத்தான் திருநெல்வேலில, தாமிரபரணிக் கர குறுக்குத்துறைல நீச்சல் அடிச்சு வளந்த ஆளு. மண்டபத்து மேல ஏறி ஆத்துல தலகீழா பாயுறதுல அந்தக் காலத்துல தன்ன மிஞ்ச ஆள் கெடையாதுன்னு அவரே சொல்லிக்குவாரு. இப்ப அக்காவும் அவரும் அமெரிக்கால, மேரிலாந்து பக்கம். சிட்டிசன்ஷிப் கெடச்ச கையோட கோஸ்ட் கார்டு ஆக்சிலரில சேந்துட்டேன்னு போன்ல சொன்னாரு. நல்ல வேலய விட்டுட்டு மனுசன் போலீஸ்ல சேந்துட்டாரேன்னு அம்மா அழாத கொற.

போலீசும் இல்ல, வேலையும் இல்ல. அந்த ஊரு கடலோரக் காவல் படைக்கு ஒத்தாசயா 1939ல ஆரம்பிச்ச தன்னார்வப் படை, சம்பளம் கெடையாது, யாரையும் பிடிக்க அதிகாரமும் கெடையாது. சனி ஞாயிறு போயி அடுத்தவன் படகுல ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் இருக்கா, தீயணைக்கிற சிலிண்டர் இருக்கா, லைட் எரியுதான்னு ஓசில செக் பண்ணுவாங்க, சரியா இருந்தா ஸ்டிக்கர். இல்லன்னா? "என்ன வாங்கணும்னு எழுதிக் குடுத்துட்டு வந்துருவோம் மாப்ள, அபராதம்லாம் கெடையாது." இதுக்கே ஒரு பரீட்ச, அப்புறம் தேர்ந்த ஆள் ஒருத்தர் பக்கத்துல நிக்க 5 படகு பாத்துக் காட்டணும். அத சுளுவா முடிச்சிட்டாரு.

படகு க்ரூல சேர்றதுக்குத்தான் படாத பாடு. ஒரு புக்கு நெறைய வேலைங்க, ஒவ்வொண்ணா செஞ்சு காட்டினா சொல்லிக் குடுக்குறவரு கையெழுத்து போடுவாரு, எல்லாம் முடிஞ்சப்புறம் வேற ஒரு எக்ஸாமினர் வந்து வாய்க் கேள்வியும் கேட்டு தண்ணிலயும் கூட்டிட்டு போயி பாப்பாரு, பாஸானாலும் வருசா வருசம் 12 மணி நேரமாவது படகுல போயிருக்கணும். கயித்துல முடிச்சு போடுறது, ரேடியோ எல்லாம் வந்துருச்சு. ஆள் தண்ணில விழுந்தா செய்யுறதுதான் வரல. பாத்தவன் கத்தணும், உடனே கைய நீட்டி அந்த ஆளயே காட்டிக்கிட்டு நிக்கணும், கண்ண அசைக்கக் கூடாது, ஏன்னா அலைக்கு நடுவுல மனுசத் தல ஒரு தேங்கா அளவுதான், ஒரு தடவ விட்டா போச்சு. பழகுறதுக்கு ஒரு பொம்மைய போடுவாங்களாம், பேரு ஆஸ்கர். மொத நாள் ஆஸ்கர் விழுந்ததும் இவரு ஒரு கால தூக்கி கம்பி மேல வச்சிட்டாரு, பின்னாடி இருந்தவரு லைஃப் ஜாக்கெட்ட பிடிச்சு இழுத்து உக்கார வச்சாராம். குறுக்குத்துறை ரத்தம்லா!

அவர மட்டும் சொல்லி என்ன, ஒருத்தன காப்பாத்தப் போயி ரெண்டு பேரா போற நியூஸ் நம்ம ஊர்ல எத்தன தடவ கேட்டிருப்போம். நீச்சல் தெரிஞ்சவனத்தான் ஆறு தூக்குது. 2023 டிசம்பர் வெள்ளத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அப்ப வந்து ஆள மீட்டவங்கள்ல கடற்கர ஊர் மீனவங்களும் உண்டு, அவங்க படகோட வந்தாங்க. நாம வெறுங்கையோட குதிக்கிற கோஷ்டி.

ஜூலைல லீவுக்கு வந்தவரு அம்மா துணி காயப்போடுற நைலான் கயித்த உருவிக்கிட்டு என்னய ஆத்துக்கு இழுத்துட்டு போனாரு. பாதிச் சுருள் ஒரு கைல பாதி இன்னொரு கைல, ஆளத் தாண்டி வீசணும், அப்பத்தான் கயிறு அவன் தோள் மேல கெடக்கும். நான் வீசுன வீச்சுல கைல பிடிச்சிருக்க வேண்டிய முனையும் சேந்து போயி மொத்தக் கயிறும் ஸ்ரீவைகுண்டத்துக்கு கெளம்பிருச்சு, ஒரு பையன் நீந்திப் போயி எடுத்துட்டு வந்தான். அப்புறம் இடுப்புல கட்டுற முடிச்சு, எவ்வளவு இழுத்தாலும் இறுகாதுன்னு பெருமையா காட்டுனாரு. மாடு குளிப்பாட்டிக்கிட்டு இருந்த தாத்தா ஒருத்தரு எட்டிப் பாத்து, "இது மாட்டுக் கழுத்துல போடுத முடிச்சுல்லா, இதுக்கா அமெரிக்கா போனீரு"ன்னுட்டாரு. அத்தான் மொகத்த பாக்கணுமே.

படில உக்காந்து எக்ஸாம பத்தி பேசிக்கிட்டு இருந்தோம். மண்டபத்துல இருந்து ஒரு பொடியன் பாஞ்சான், கொஞ்ச நேரம் மேல வரல. அத்தான் பேச்ச நிறுத்தல, ஆனா கை மட்டும் தன்னால நீண்டு அந்தத் தண்ணியயே காட்டிக்கிட்டு நின்னுச்சு, எந்திரிக்கவும் இல்ல, குதிக்கவும் இல்ல. பொடியன் அங்கன தள்ளி தலய தூக்கி, மொகத்த வழிச்சிட்டு, அந்தக் கையப் பாத்துக் கேட்டான்.

"என்ன அண்ணாச்சி, என்னய எதுக்கு காட்டுதீய?"