தவளைக்கண்ணும் கரட் மூட்டைகளும்: பண்டாரவளையிலிருந்து யாழ்ப்பாணம் வந்த கார்

நேற்று மாலை ஐந்தேகால் மணிக்கு எஞ்சின் பிடித்துக்கொண்டது. பதினொரு விநாடி ஓடியது, நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு இருமிவிட்டு அணைந்தது. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் ஒரு மாமரத்தின் கீழ் நின்றிருந்த ஆறு பேரும் கை தட்டினோம். கூரையில் இருந்த காகங்கள் எல்லாம் பறந்துவிட்டன.

பண்டாரவளையில் வாங்கிய இந்தப் பழைய காரை யாழ்ப்பாணம் கொண்டுவந்த கதையைப் போக்குவரத்து, செலவு, ஏற்றியிறக்கும் முறை என்று ஒழுங்காக எழுதித் தருகிறேன் என்று நண்பர்களுக்கு வாக்குக் கொடுத்து ஏழு வாரமாகிறது. இனியும் தள்ளிப்போட முடியாது. ஆனால் ஒழுங்காக வரும் என்று நம்பவேண்டாம். லொறிக்காரர் என்னிடம் கூடுதலாகப் பிடுங்கிய 20,000 ரூபா இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

கார் இதுதான்: 1959ஆம் ஆண்டு ஒஸ்ரின்-ஹீலி ஸ்பிரைற். முன்மூடியின் மேல் இரண்டு விளக்குகளும் துருத்திக்கொண்டு நிற்பதால் உலகமெங்கும் அதற்குத் தவளைக்கண் என்று பெயர். வேண்டாதபோது மடிந்து படுக்கும் விளக்குகளைத்தான் முதலில் திட்டமிட்டார்களாம். செலவு கூடும் என்று அதைக் கைவிட்டு, நின்ற நிலையிலேயே பூட்டிவிட்டார்கள். சிக்கனத்தால் வந்த அழகு. 1958 முதல் 1961 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் ஏறத்தாழ 49,000 கார்கள் செய்தார்கள். அதில் ஒன்று எப்படியோ கப்பலேறி, ஒரு தேயிலைத் தோட்டத் துரையின் கையில் சிக்கி, மலையிலேயே தங்கிவிட்டது.

விலை 16 லட்சம். எஞ்சின் இறுகிப்போன, தரை ஓட்டையான காருக்கு இது கூடத்தான். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய நாளிலிருந்து இந்த நாட்டில் நான்கு சில்லு உள்ள எதற்கும் யானை விலை. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மறுபடி தொடங்கியது, ஆனாலும் வரிக்குப் பின் ஒன்றும் மலியவில்லை. வீட்டில் 12 லட்சம் என்றுதான் சொல்லியிருக்கிறேன். வீட்டார் இதைப் படிக்கமாட்டார்கள் என்ற துணிவில் எழுதுகிறேன்.

போன கதை சுருக்கமாக. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு இரவு பஸ். எனக்குக் கிடைத்த ஆசனம் சாய்ந்த நிலையிலேயே செத்துப்போயிருந்தது. பின்னால் இருந்தவரின் முழங்கால் என் தலைக்குத் தலையணை. கண்டியிலிருந்து பண்டாரவளைக்குத் தனியார் பஸ். அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். நடத்துநர் "இடம் இருக்கிறது" என்று அடித்துச் சொல்லி ஏற்றினார். இருந்தது எஞ்சின் மூடியின் மேல், ஒரு பலாப்பழத்துக்கும் ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கும் நடுவில். றம்பொடை வளைவுகளில் பலாப்பழம் என் மடிக்கு வந்தது, நான் பையனின் மடிக்குப் போனேன். பாட்டுச் சத்தத்தில் எவருக்கும் எவரிடமும் மன்னிப்புக் கேட்க வழியில்லை. நுவரெலியாவில் இறங்கித் தேநீர் குடித்தபோது கை நடுங்கியது குளிராலா பஸ்ஸாலா என்று தெரியவில்லை. மலைநாட்டுக்குப் போகிறவர்கள் பணத்தைப் பார்க்காமல் ரயிலில் போங்கள். நான் பணத்தைப் பார்த்தேன், பட்டேன்.

கார் நின்றது பண்டாரவளைக்கு வெளியே ஒரு பழைய பங்களாவின் கொட்டிலில். உரிமையாளர் கொழும்பில். காவலாளியும் மனைவியும் மட்டும் அங்கே. சாக்கை விலக்கியதும் இரண்டு கோழிகள் ஓட்டுநர் ஆசனத்திலிருந்து இறங்கிப் போயின. கதவுக்கு வெளியே கைபிடியே கிடையாது. உள்ளே கையை விட்டுத்தான் திறக்கவேண்டும். கண்ணாடி யன்னலும் இல்லை. பின்புறம் பெட்டி இருக்கிறது, அதற்கு மூடி இல்லை! மாற்றுச் சில்லை வெளியே எடுக்க வேண்டுமென்றால் ஆசனத்துக்குப் பின்னால் தலைகீழாகத் தொங்கவேண்டும். தொங்கினேன். கிடைத்தவை: ஒரு எலிக்கூடு, கொழுந்துக் கூடையின் அடிப்பாகம், துருப்பிடித்த ஜாக்கி, 1981ஆம் ஆண்டு நாட்காட்டி ஒன்று.

முன்மூடி இந்தக் காரில் தனி ஆச்சரியம். விளக்கு, மட்காட் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக, முதலை வாய் திறப்பது போல மேலே எழும்பும். தாங்கிக் கம்பி துருவில் முறிந்து அது என் தோளில் விழுந்ததும் ஆச்சரியத்தில் சேர்த்தி. தலையில் விழுந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

அன்றிரவு காவலாளி வீட்டிலேயே தங்கினேன். விடியற்காலை மூன்றரைக்கு அவர் மனைவி எழுப்பித் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் தந்தார். அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டில், வெளியே பனி இறங்கிக்கொண்டிருக்க, இனிப்புத் தேநீரோடு. நான் ஐந்து ரொட்டி தின்றேன். ஆறாவதை அவர் கேட்காமலே போட்டார். பணம் கொடுத்தபோது முகம் சுளித்துவிட்டார். இந்தப் பயணத்தில் நான் சாப்பிட்ட மிகச் சிறந்த உணவு அதுதான், அதற்குத்தான் எவரும் காசு வாங்கவில்லை.

லொறிக்கு 95,000 ரூபா பேச்சு. பதினான்கு அடி உடல் கொண்ட திறந்த லொறி. சாய்தளம் கேட்டேன், "மலையில் எதற்குச் சாய்தளம்" என்றார் லொறிக்காரர். சொன்னது சரிதான். வீதியோரம் ஒரு மண்மேடு லொறித் தட்டின் உயரத்துக்கே இருந்தது. அதில் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்தி, எட்டுத் தோட்டத் தொழிலாளர்கள் தள்ள, கார் உருண்டு ஏறிவிட்டது. கார் மொத்தம் 660 கிலோ அளவுதான். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

நுவரெலியாவில் லொறி நின்றது. தேநீருக்கு என்று நினைத்தேன். நான் குடித்து முடித்துத் திரும்பியபோது என் ஸ்பிரைற்றைச் சுற்றிலும் கரட் மூட்டைகள். முன்னால் லீக்ஸ். கோழிகள் இருந்த ஆசனத்தில் இப்போது ஒரு கரட் மூட்டை, ஸ்டியரிங்கைப் பிடித்தாற்போல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

"அண்ணன், முழு லொறிக்கும் நான்தானே காசு தருகிறேன்?"

"லொறிக்குத்தான் தம்பி காசு. இடம் சும்மாதானே கிடக்கிறது."

இந்தத் தர்க்கத்துக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. தம்புள்ளைப் பொருளாதார மையத்தில் மரக்கறியை இறக்க மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் நான் காருக்குக் காவல் நின்றேன், ஏனென்றால் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தவளைக் கண்ணைத் தட்டிப் பார்த்தார்கள். பத்துப் பேராவது "ஓடுமா?" என்று கேட்டார்கள். யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் மறுபடி ஏறும்போதுதான் லொறிக்காரர் மெதுவாகத் தொடங்கினார்: கார் பாரம் அதிகம், டீசல் கூடுதலாகப் போகிறது, இன்னும் 20,000 வேண்டும். 660 கிலோ என்றேன். நீங்கள் இறக்கிய கரட் இதைவிடப் பாரம் என்றேன். கரட் பழகிய பாரம், கார் பழகாத பாரம் என்றார். வவுனியாவில் இறங்கிவிடுவதாக மிரட்டினேன். காரையும் இறக்கவா என்று கேட்டார். கொடுத்துவிட்டேன். லொறி பிடிப்பவர்களுக்கு ஒரே அறிவுரை: "வேறு சுமை ஏற்றக்கூடாது" என்று எழுதி வாங்குங்கள்.

முறிகண்டியில் அவர் லொறியை நிறுத்தி, என் காருக்காகத் தன் காசில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். சூடான கச்சான் ஒரு பொட்டலம் வாங்கி என் கையில் வைத்தார். மனிதரை முழுதாக வெறுக்கவும் விடமாட்டேன் என்கிறார்.

இவ்வளவு பாடுபட்டு 450 கிலோமீற்றர் எதற்கு இழுத்துவந்தாய், கொழும்பில் கராஜ் இல்லையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இருக்கிறது. ஒரு பெரிய இடத்தில் படத்தைக் காட்டினேன். 30 லட்சத்திலிருந்து தொடங்கும் என்றார்கள். உதிரிப்பாகம் முழுவதும் இங்கிலாந்திலிருந்து வரவேண்டுமாம். பளபளப்பான தரை, கண்ணாடி அறை, குளிரூட்டி. எஞ்சின் எது என்று ஒருவரும் கேட்கவில்லை.

எஞ்சின்தான் விஷயமே. ஸ்பிரைற் பார்க்கத்தான் பந்தயக் கார். உள்ளே இருப்பது நம் ஊர் மொறிஸ் மைனர் 1000இல் இருந்த அதே 948 சிசி எஞ்சின். காற்றையும் பெற்றோலையும் கலந்து கொடுக்கும் காபுரேட்டர் மைனருக்கு ஒன்று, இதற்கு இரண்டு. ஸ்டியரிங்கும் மைனருடையதே. முன் சஸ்பென்ஷன் ஒஸ்ரின் ஏ35இலிருந்து வந்தது. மலிவாக விற்கவேண்டும் என்று, காரின் பெயரில் இருக்கும் அந்த டொனால்ட் ஹீலி சாதாரணக் கார்களின் உறுப்புகளைக் கொண்டு கட்டிய ஸ்போர்ட்ஸ் கார் இது. அந்தச் சாதாரணக் கார்களைச் சாகவிடாமல் வைத்திருந்த ஊர் யாழ்ப்பாணம்.

1990இல் பொருளாதாரத் தடை வந்து வடக்குக்குப் பெற்றோல் நின்றபோது, இங்கே ஒஸ்ரினும் மொறிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. எனக்கு அப்போது ஐந்து வயது. சிறு போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார்கள். காபுரேட்டருக்குள் சில துளி விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகை, கண்ணெரிச்சல், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் கார் போய்ச் சேர்ந்தது. புதிய எஞ்சின்கள் அதற்கு ஒத்துவராது. பழையவை எதையும் குடித்துச் செரித்தன. எரியாத மண்ணெண்ணெய் வழிந்து எஞ்சின் ஓயிலைக் கரைத்துவிடும். அடிக்கடி ஓயில் மாற்றவேண்டும், பிஸ்டன் வளையங்கள் தேயும், மறுபடி கழற்றவேண்டும். அப்படிக் கழற்றிக் கழற்றியே இப்போது என் காரைத் திருத்தும் கோண்டாவில் மெக்கானிக் ஐயா போன்றவர்களுக்கு இந்த எஞ்சின் மனப்பாடம்.

யாழ்ப்பாணத்தில் மண்மேடு ஏது? இந்தத் தட்டை ஊரில் இறக்குவது எப்படி என்று வழியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டு வந்தேன். ஐயா இரண்டு பனந்தீராந்தியைச் சாய்த்துப் போட்டு, கயிறு கட்டி, பத்து நிமிடத்தில் இறக்கிவிட்டார். பிறகு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்மூடியைத் தூக்கச் சொல்லி எட்டிப் பார்த்து, "அட, நம்முடைய மைனர்தானே, தம்பி" என்றார். 30 லட்சம் கேட்டவர்கள் ஒரு தடவைகூட அப்படிச் சொல்லவில்லை.

இலக்கத் தகட்டில் ஸ்ரீ எழுத்து இருந்தது. 1950களின் பிற்பாதியில் வாகனங்களில் சிங்கள ஸ்ரீ வந்தபோது இங்கே அதை எதிர்த்துத் தார் பூசிய போராட்டம் நடந்தது. ஐயா அதை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபடி, "என் அப்பா இந்த எழுத்துக்குத் தார் பூசப் போனவர்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நன்றாகத்தான் துடைத்தார்.

வேலைகள் பற்றி. பிளக் துளைகள் வழியே டீசலும் ஓயிலும் கலந்து ஊற்றி ஒன்பது நாள் ஊறவைத்தோம். பத்தாம் நாள் நீளமான ஸ்பனரைப் போட்டு அழுத்தியபோது கால்வாசிச் சுற்று அசைந்தது. உடம்புதான் மோசம். தனியான சட்டகம் இல்லாத கார் இது, தகடே எலும்பு. பின்புற வில் தகடுகள் வந்து பொருந்தும் இடம் இரண்டு பக்கமும் பிஸ்கற் போல உதிர்ந்தது. அதை மறுபடி தகடு வெட்டிக் கட்டுவதற்கே ஐந்து வாரம், இதுவரை 1,85,000 ரூபா. தரை தனிக் கணக்கு. இடையில் வயர் வேலைக்கு வந்த பையன் பற்றறியை வழக்கம் போல எதிர்முனையை உடம்போடு சேர்த்துப் பூட்டிவிட்டான். இந்தக் காரில் நேர்முனைதான் உடம்புக்குப் போகவேண்டும். ஐயா கத்திய கத்தலில் அவன் அன்று மத்தியானம் சாப்பிட வரவில்லை. பாவம், அவன் பிறப்பதற்கு நாற்பது வருடம் முன்னால் போட்ட விதி.

இரண்டு காபுரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கவேண்டும். ஐயா ஒரு றப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காபுரேட்டர் வாயிலும் வைத்துக் கேட்டு, மாற்றி மாற்றித் திருகப்போகிறார். அதற்கு எஞ்சின் பதினொரு விநாடிக்கு மேல் ஓடவேண்டும். நேற்று ஓடியதே முன்னோட்டம்தான். பெற்றோல் தாங்கியைக் கழற்றிவிட்டதால் போத்தலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். எனக்கு ஸ்டார்ட் குமிழை இழுக்கும் வேலை. ஐயா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். மூடியில் ஊசித்துளை. இரண்டு காபுரேட்டருக்கும் சில துளி விட்டார். முப்பத்தைந்து வருடப் பழக்கம், கை நடுங்கவேயில்லை.

"இப்போதுதான் பெற்றோல் தாராளமாகக் கிடைக்கிறதே, ஐயா, இன்னும் எதற்கு இந்தப் போத்தல்?"

"லீற்றர் என்ன விலை தம்பி?" என்று கேட்டுவிட்டு மூடியை இறுக்கினார்.

இன்று காலை லொறிக்காரர் தொலைபேசியில் அழைத்தார். என் காருக்குள் அவருடைய கரட் மூட்டைக் கயிறு ஒன்று கிடக்கிறதாம். தேடச் சொன்னார். பின்பக்கம் தலைகீழாகத் தொங்கித் தேடினேன். கிடந்தது. கொடுப்பதாக இல்லை.