22 நிமிடம் தள்ளி அம்மா

செவ்வாய் கிரகத்துக்குக் குடிவந்தவர்களிடம் ஊர்க்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி மூச்சைப் பற்றித்தான். அது பழகிவிடும். வெளிக்காற்றில் 95 சதவீதம் கரியமில வாயு. அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க முடியும் என்று நாசா இங்கே அனுப்பிய பெர்சவரன்ஸ் ஊர்தியில் வைத்த ஒரு சின்னப் பெட்டி 2021இலேயே காட்டிவிட்டது. இரண்டு வருஷத்தில் அது எடுத்தது மொத்தம் 122 கிராம். அதன் பேரப்பிள்ளை இப்போது எங்கள் சுவருக்குப் பின்னால் இராப்பகலாக உறுமிக்கொண்டிருக்கிறது. சத்தம் நின்றால்தான் திரும்பிப் பார்ப்போம்.

எங்கள் குடியிருப்பு ஆர்கேடியா சமவெளியில். தரைக்கு அடியில் பனிக்கட்டி இருப்பதால் இந்த இடம். கதிர்வீச்சுக்குப் பயந்து கூரைமேல் மண்ணைக் குவித்திருக்கிறார்கள், அதனால் ஜன்னல் கிடையாது. அந்த மண்ணிலோ பெர்குளோரேட் உப்பு, தைராய்டுக்கு ஆகாதது. தண்ணீர் விட்டு அலசி அலசித்தான் கீரைப் பாத்தியில் போடுகிறோம்.

எனக்குப் பிடிபட நாளானது அடுப்படிதான். விண்வெளி உடையை மாட்டிக்கொண்டு சட்டென்று வெளியே போய்வர வசதியாக, உள்ளே காற்றழுத்தத்தைப் பூமியில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேலே வைத்திருக்கிறார்கள். தண்ணீர் 84 டிகிரியிலேயே தளதளவென்று கொதிக்கும், ஆனால் பருப்பு வேகாது. சரி, குக்கர் இருக்கிறதே என்று வைத்தேன். விசில் ஓயாமல் அடித்தது, திறந்தால் பருப்பு பருப்பாகவே கிடந்தது. வெயிட்டில்தான் விஷயம். இங்கே ஈர்ப்பு பூமியில் இருப்பதில் 38 சதவீதம். அந்த வெயிட்டும் அவ்வளவுதான் கனக்கும். நீராவி அதை லேசாகத் தூக்கிவிட்டுத் தப்பித்துவிடுகிறது, உள்ளே சூடு 100ஐக்கூடத் தொடுவதில்லை. இரண்டரை மடங்கு கனத்தில் ஒரு வெயிட் கடைந்து தரச் சொல்லிப் பட்டறையில் கொடுத்திருக்கிறேன். கடுகு தாளிப்பது தனிக் கூத்து. வெடிக்கிற கடுகு எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது.

அப்புறம் பேச்சு. புலம்பெயர்வு எனக்கு உறைத்தது அங்கேதான். இரண்டு கிரகமும் கிட்டே வரும்போது சிக்னல் போய்ச்சேர 3 நிமிடம், விலகி நிற்கும்போது 22. நான் ஹலோ என்றால் பதில் ஹலோ வர முக்கால் மணி நேரம். அதனால் போன் பேச்சே கிடையாது, பதிவு செய்து அனுப்புவதுதான்.

அம்மாவுக்கு இது புதிதில்லை. தாத்தா 1980களில் துபாயில் வேலை பார்த்தவர். கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். வீட்டில் எல்லாரும் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டுவிட்டு, பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவார்கள். சின்னப் பிள்ளையில் பழகியது அம்மாவிடம் அப்படியே இருக்கிறது. "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்கிற அளவுக்கு இடைவெளி விடுவாள். பிறகு "ம்... சரி" என்று அடுத்த கேள்விக்குப் போவாள். நானும் அந்த இடைவெளியில் வாய்விட்டே பதில் சொல்கிறேன். பக்கத்து அறைக்காரர், பாவம், எனக்கு மட்டும் ஏதோ நேரடி லைன் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தார்.

வீடியோ காலிலேயே வளர்ந்த என் வயசுக்காரர்கள்தான் தவிக்கிறார்கள். எதிரில் முகம் இல்லாமல் இரண்டு வாக்கியத்துக்கு மேல் வருவதில்லை. முதலில் சுருக்குகிறார்கள், அப்புறம் பண்டிகைக்கு மட்டும் அனுப்புகிறார்கள்.

பண்டிகையும் சிக்கல்தான். இங்கே ஒரு நாள் 24 மணி 39 நிமிடம், ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ஒரு முழு நாள் பின்தங்கிவிடுகிறோம். அமாவாசை என்றைக்கு என்று ஊர்க் காலண்டர்தான் சொல்ல வேண்டும். இங்குள்ள ஃபோபோஸ் நிலவு நாளைக்கு இரண்டு தரம் மேற்கே உதித்துக் கிழக்கே மறைகிறது. அதை நம்பி எந்த விரதம் இருப்பது?

அடுத்த மாதம் பூமிக்கும் எங்களுக்கும் நடுவில் சூரியன் வந்து நிற்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவதுதான், இரண்டு வாரம் சிக்னலை நம்ப முடியாது. அதற்குள் பட்டறையிலிருந்து வெயிட்டை வாங்கி, பருப்பு வெந்ததா இல்லையா என்று அம்மாவுக்குச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பதினைந்து நாளும் அவளுக்கு அதே நினைப்பாக இருக்கும்.